பத்து விரல்களும் உள்ள படம்

மேலே வைக்க வேண்டாம், தம்பி. மடியிலேயே இருக்கட்டும். கண்ணாடி போட்ட படம். போன தடவை மேலே வைத்துவிட்டு, வளைவுக்கு வளைவு கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இரண்டு நாள் கழுத்து வலி. உங்கள் முழங்காலில் இடிக்கிறதா? இடித்தால் சொல்லுங்கள். துண்டு சுற்றித்தான் இருக்கிறேன், ஆனாலும் மூலை கூராக இருக்கும்.

நான் தண்ணிப்பந்தல் ஸ்டாப்பிங். நீங்கள் ஆத்தூர் வரையா? நல்லது, அப்படியானால் எனக்குப் பிறகுதான் இறங்குவீர்கள். இதற்கு முன்னால் இரண்டு தடவை இதே படத்தோடு இதே பஸ்ஸில் வந்தேன். இரண்டு தடவையும் தண்ணிப்பந்தலில் இறங்கவில்லை. ஆத்தூர் வரை போய், ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். இது மூன்றாவது தடவை.

பஸ்ஸில் பக்கத்து ஆளோடு பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். யார் படம் என்றுதானே கேட்டீர்கள்?

போன வைகாசி வரை கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். எங்கப்பா. பெயர் அர்த்தநாரி. வெள்ளாமைக்காரர். காலரா வந்து ஒரே நாளில் போனார். தேதி மூன்று, பத்து, ஐம்பத்தெட்டு. அப்போது எனக்கு நான்கு வயது. அவர் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. எனக்கு இருந்த முகம் இதுதான். நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தலைப்பாகை, மீசை. இரண்டு கையும் முழங்கால் மேல். பத்து விரலும் தனித்தனியாகத் தெரியும். நான் எண்ணக் கற்றுக்கொண்டதே அந்த விரல்களில்தான். அம்மா தூக்கிப் பிடித்துக்கொள்வாள், நான் ஒன்று, இரண்டு என்று கண்ணாடியைத் தொட்டுத் தொட்டு எண்ணுவேன்.

ஆட்களோடு எனக்குப் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் இந்தப் படத்தோடு பேசுவேன். விதைத்தால் சொல்வேன், அறுத்தால் சொல்வேன். என் சம்சாரத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, வீட்டுக்கு வந்து முதலில் இவரிடம்தான் சொன்னேன். அமாவாசைக்கு அமாவாசை இவர் முன்னால்தான் இலை போடுவது. அறுபத்தாறு வருடம். வருடத்துக்குப் பன்னிரண்டு என்று வையுங்கள். எழுநூற்றுத் தொண்ணூற்று இரண்டு இலை. சில வருடம் பதின்மூன்று அமாவாசை வரும், அதைச் சேர்க்கவில்லை.

எழுபது வயது நெருங்கியபோது ஒன்று தோன்றியது. அப்பா முப்பத்தாறில் போனார். நான் அவரைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருந்துவிட்டேன். அவர் என்ன விதைத்தார், எத்தனை வெள்ளாமை எடுத்தார், ஒன்றும் எனக்குத் தெரியாது. எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். அவர் வாழ்க்கையை அதில் எழுதிவிட வேண்டும். நான் எட்டாவது வரைதான் படித்தவன், ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும்.

முதலில் தாலுகா ஆபீஸ் போனேன். அடங்கல் என்று ஒரு கணக்கு உண்டு, தெரியுமா? எந்த நிலத்தில் எந்த வருடம் என்ன பயிர் என்று ஊர்க் கணக்குப்பிள்ளை எழுதி வைப்பது. ஒன்பது தடவை நடந்து, பதினேழு வருடத்து நகல் வாங்கினேன். எங்கள் நிலம் நூற்றுப் பன்னிரண்டாம் நம்பர். பக்கத்து நூற்றுப் பதின்மூன்று எங்கள் சித்தப்பாவுடையது. அப்பாவின் தம்பி, வையாபுரி.

பதினேழு வருடமும் எங்கள் நிலம் ஒரு வருடம்கூடச் சும்மா கிடக்கவில்லை. கம்பு, சோளம், கடலை, ஒரு வருடம் கரும்பு. சித்தப்பா நிலத்தில் ஏழு வருடம் தரிசு. தரிசு, தரிசு என்று எழுதியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படிச் சந்தோஷப்படக் கூடாது, ஆனால் பட்டேன். நோட்டில், 'வையாபுரி சித்தப்பா, சோம்பேறி' என்று எழுதி அடியில் கோடு போட்டேன்.

ஏன் அவ்வளவு ஆத்திரம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இரண்டு நிலத்துக்கும் கிணறு ஒன்று. எழுபத்து நான்கில் கரண்டு மோட்டார் வைத்தோம், தண்ணீர் முறை பிரித்தோம். வாரத்தில் ஏழு நாள். ஆளுக்கு மூன்றரை நாள்தானே நியாயம்? சித்தப்பா நான்கு நாள் வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டால், "வேணும்" என்றார். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை இல்லை. கோயில் முன்னால் பஞ்சாயத்து கூட்டினோம். எனக்கு இருபது வயது. நான் வீட்டிலிருந்து இந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். எல்லோர் முன்னாலும் இதன் மேல் கை வைத்து, "எங்கப்பா மேல சத்தியமாச் சொல்றேன், இந்த ஆளு எங்கள ஏமாத்தறாரு" என்றேன்.

சித்தப்பா படத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "துண்டப் போட்டு மூடி எடுத்துட்டுப் போ. வெயில்ல சாயம் போயிரும்" என்றார்.

திமிர் என்று நினைத்தேன்.

பஞ்சாயத்து அவருக்கு நான்கு நாள் கொடுத்தது. திங்களிலிருந்து வியாழன் வரை அவர், வெள்ளி சனி ஞாயிறு நாங்கள். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். வாரத்துக்கு அரை நாள், பதினான்கு வருடம். முந்நூற்று அறுபத்து நான்கு நாள் தண்ணீர். ஒரு வருடத்துக்கு ஒரு நாள்தான் குறைவு. எண்பத்தெட்டில் சித்தப்பா இறந்தார். பத்தொன்பது, இரண்டு, எண்பத்தெட்டு. வெள்ளிக்கிழமை. ஊரில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் போனார்கள். நான் போகவில்லை. அன்று என் முறை. மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் கட்டினேன். பறைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, மோட்டார் சத்தத்தையும் மீறி. வீட்டுக்கு வந்து படத்திடம், "பாச்சிட்டேன்ப்பா" என்று சொன்னேன்.

இருங்கள், டிக்கெட் கேட்கிறார். நான் எடுத்துவிட்டேன், உங்களிடம்தான் கேட்கிறார்.

எங்கே விட்டேன்? நோட்டு. எங்கள் ஊர்க் கூட்டுறவு சங்கத்தில் ஒரு பழைய படம் மாட்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். ஐம்பத்தேழில் சங்கம் ஆரம்பித்தபோது எடுத்தது. பதினோரு பேர் நிற்கிறார்கள். கீழே வரிசையாகப் பேர் எழுதியிருக்கிறது. இடமிருந்து நான்காவது அர்த்தநாரி.

பார்த்தால் அது எங்கப்பா இல்லை. ஒல்லி ஆள். நீண்ட முகம், ஏறின நெற்றி. யாரோ மாதிரி இருந்தது. அங்கிருந்த கிளார்க்கிடம், பெயர் மாறிப் போயிருக்கிறது என்று சொன்னேன்.

"பெரியவரே, அறுபத்தேழு வருசமா தொங்குது. இதுவரைக்கும் யாரும் வந்து கேக்கல."

"அதுக்காகத் தப்பு சரியாயிடுமா?"

"அப்ப உங்களுக்கு என்ன வயசு இருக்கும்?"

"மூணு."

"மூணு வயசுல பார்த்தது ஞாபகம் இருக்குதா?"

"எங்க வீட்டுல படம் இருக்குது."

"சரி, உங்க வீட்டுப் படத்துல ஆளு மாறியிருந்தா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். விளையாட்டாகச் சொன்னது. எனக்கு விளையாட்டுத் தெரியாது. வெள்ளைத்தாள் வாங்கி, அங்கேயே உட்கார்ந்து மனு எழுதினேன். 'மேற்படி படத்தில் நான்காவதாக நிற்பவர் என் தகப்பனார் அர்த்தநாரி அல்ல என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.' கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முத்திரை குத்தி ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீது என்னிடம் இன்னும் இருக்கிறது.

அடுத்த மாதம் பத்திர ஆபீஸில் அப்பா பெயரில் ஐம்பத்தாறில் பதிந்த ஒரு பத்திரத்தின் நகல் கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. 'இடது கைப் பெருவிரல் இல்லாதபடியால் வலது கைப் பெருவிரல் ரேகை வைக்கப்பட்டது.'

இது வேறு அர்த்தநாரி என்றுதான் முதலில் நினைத்தேன். தாத்தா பெயரைப் பார்த்தேன், சரியாக இருந்தது. நிலத்தின் நம்பர் நூற்றுப் பன்னிரண்டு. வீட்டுக்கு வந்து, விளக்கைப் போட்டு, இந்தப் படத்தை இறக்கி எண்ணினேன். எழுபது வயதில் மறுபடி ஒன்று, இரண்டு என்று. பத்து.

மறுநாள் லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனேன். நான்காவது ஆள் துண்டை மடித்து இடது கையால் மார்போடு பிடித்திருந்தார். லென்ஸை வைத்துப் பார்த்தேன். நான்கு விரல்தான். கட்டை விரல் இருக்க வேண்டிய இடத்தில் சட்டைப் பொத்தான் தெரிந்தது.

என்னைப் பெற்றவரைத்தான், தம்பி, என் அப்பா இல்லை என்று கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரசீதோடு.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். ராசிபுரத்தில் இருக்கிறாள். பெருமாயி. என்னைவிட ஆறு வயது மூத்தவள். கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "அப்பாவுக்கு எத்தன வெரலு?" என்று கேட்டேன்.

கை நின்றது. "ஒம்பது" என்றாள்.

"எப்படிப் போச்சு?"

"கரும்பு ஆலையிலடா. கரும்பு குடுக்கறப்ப உருளை இழுத்துருச்சு. நீ அப்பக் கைக்கொழந்தை."

"அப்ப நம்ம வீட்டுல இருக்கறது யாரு?"

இரண்டு பல் பூண்டு உரித்தாள். அப்புறம் சொன்னாள்.

"கருமாதி அன்னிக்குப் படையல் போடறதுக்கு அப்பா படம் ஒண்ணுகூட இல்ல. ராசிபுரத்துல இருந்து போட்டோக்காரர் பொட்டிய எடுத்துட்டு வந்தாரு. ஜாடை இருக்கற ஆள உக்கார வைங்க, மத்தத நான் பாத்துக்கறேன்னாரு. அப்பல்லாம் அப்படித்தான் செய்வாங்க. சித்தப்பா உக்காந்தாரு. சாவுக்கு மொட்ட போட்டு மீச எடுத்திருந்தாரு. மீசைய மையில வரஞ்சாங்க. மொட்டத் தலைக்கு அம்மாதான் தலைப்பாக் கட்டிவிட்டா. நான்தான் அவரு மூஞ்சியத் தொடச்சு விட்டேன். அழுதுட்டே இருந்தாரு, நிக்கவே இல்ல. போட்டோக்காரர் மூணு தகடு வீணாப் போச்சுன்னு சத்தம் போட்டாரு."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீ அப்பா எங்கன்னு கேட்டு சோறே திங்கல. அம்மா இதக் காட்டினா. தின்ன. அப்புறம் எப்படிச் சொல்றது? அம்மா எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா. கட்ட வெரலப் பத்தி வீட்டுல யாரும் பேசக் கூடாதுன்னுட்டா. பேசினா நீ படத்தப் பாத்துக் கண்டுபுடிச்சிருவ."

"அம்மா போய் இருபத்தெட்டு வருசம் ஆச்சு."

"சொல்லத்தான் வந்தேன். அம்மாவுக்குக் கருமாதி முடிஞ்ச மறுநாள். நீ படத்துக்கு முன்னால நின்னு என்னமோ பேசிட்டிருந்த. வாசலோட திரும்பிட்டேன்."

நான் பையிலிருந்து அடங்கல் நகலை எடுத்துக் காட்டினேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. கையில் ஏதாவது இருக்க வேண்டும் போல இருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. "என்ன எழுதியிருக்குது?" என்றாள். இந்தப் பதினேழு வருடத்தில் அப்பா இருந்தது நான்கு வருடம், பிறகு பதின்மூன்று வருடம் அம்மா பார்த்துக்கொண்டது என்று சொன்னேன். நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

"அம்மா ஏர் புடிச்சாளா?"

நான் நகலை மடித்தேன்.

"கவல எறச்சது யாரு?"

தம்பி, எனக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. சித்தப்பாதான் ஏர் ஓட்டினார். சித்தப்பாதான் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்துத் தண்ணீர் விட்டார், விதைத்தார். நான் வரப்பில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அது அவர் கடமை என்று நினைத்தேன். கடமையை யாராவது எண்ணுவார்களா?

அக்கா சொன்னாள், "ஒரு ஜோடி மாடு, ஒரு கவல. நம்ம காட்டுக்குப் பாச்சி முடிக்கறதுக்குள்ள வெயில் ஏறிரும், மாடு நிக்காது. அவரு காடு காஞ்சு கெடக்கும். சித்தி சண்ட போடுவா. உனக்குப் பதினேழு வயசு ஆகி நீயா ஏர் புடிக்கற வரைக்கும் அப்படித்தான். அத்தன வருசம் காஞ்ச காட்ட மறுபடி எழுப்பணும்னா தண்ணி கூட வேணுமில்ல? அதுக்குத்தான்டா அந்த நாலாவது நாளு."

நகலைப் பிரித்துப் பார்த்தேன். சித்தப்பா நிலத்தில் தரிசு என்று இருந்த ஏழு வருடமும் அப்பா செத்த பிறகு வந்த வருடங்கள்தான். அதற்கு முன்னால் ஒரு தரிசு இல்லை. இதை நான் முன்னாலேயே எழுதியிருக்கிறேன், என் கையெழுத்தில், வருடம் போட்டு. எழுதும்போது எண்ணினேன், பார்க்கவில்லை.

கணக்கு என்று பார்த்தால் வாரத்துக்கு அரை நாள் இன்றைக்கும் தப்புதான். அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்குப் பஞ்சாயத்தில் நான் அவர் மேல் சத்தியம் செய்து அவரையே ஏமாற்றுக்காரர் என்றேன். அவர் ஒரு வார்த்தை, "அது நான்தான்டா" என்று சொல்லியிருந்தால் ஊரே என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும். சொல்லவில்லை. வெயிலில் சாயம் போய்விடும் என்றார்.

இப்போது கேளுங்கள், நான் ஏன் தண்ணிப்பந்தல் போகிறேன் என்று. சித்தப்பாவுக்கு ஒரே மகள், அங்காயி. தண்ணிப்பந்தலில் கட்டிக் கொடுத்தது. ஒரு தடவை செத்தவனாக உட்கார்ந்தாகிவிட்டது, இனி எனக்குப் படமே வேண்டாம் என்று சித்தப்பா எங்கம்மாவிடம் சொல்லிவிட்டாராம். மகள் கல்யாணத்தில்கூடப் போட்டோ எடுக்கிற நேரம் பந்தி பார்க்கப் போய்விட்டார். அங்காயியிடம் அவள் அப்பா படம் ஒன்றுகூட இல்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் படங்களை எல்லாம் வாங்கி வாங்கிப் பார்ப்பாளாம், ஓரத்தில் எங்கேயாவது நிற்கிறாரா என்று.

எங்கள் வீட்டுக்கும் ஒரு தடவை வந்தாள். அம்மா இறந்தபோது. இந்தப் படத்துக்கு நேராக உட்கார்ந்தவள், எழுந்திருக்கவே இல்லை. போகும்போது, "பெரியப்பா எங்கப்பா மாதிரியே இருக்கறாருண்ணா" என்றாள். கண் எல்லாம் தண்ணீர். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஜாடைதான் இருக்கும். கொணம் இருக்காது."

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

காப்பி எடுத்துக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. அக்கா மகனும் அதையேதான் சொன்னான். நூறு காப்பி எடுக்கலாம் மாமா என்றான். எடுக்கலாம். படம் இரண்டாகும். அவர் இரண்டாக மாட்டாரே. அவள் வீட்டில் இது அவள் அப்பா என்றால், என் வீட்டில் இதற்கு என்ன பெயர்?

சங்கத்துப் படத்திலிருந்து அந்த நான்காவது ஆளை மட்டும் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, இதற்குப் பக்கத்தில் மாட்டினேன். என்னைப் பெற்றவர். ஒன்பது விரல். முகம் நன்றாகவே விழுந்திருக்கிறது. ஆடி அமாவாசைக்கு அவர் முன்னால்தான் இலை போட்டேன். கும்பிடக் கை தூக்கினேன். யாரோ வீட்டுக்கு வந்த ஆளைக் கும்பிடுகிற மாதிரி இருந்தது. நாற்பது நாள் பார்த்தேன், காலையில் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை. பேசிப் பார்த்தேன். "கடல போட்டிருக்குது" என்றேன். வாய் அவர் பக்கம், கண் இந்தப் பக்கம். அவர் பாவம், தம்பி. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. முப்பத்தாறு வயதில் செத்துப்போனார், அவ்வளவுதான். பெற்ற மகனுக்கு அவர் முகம் பிடிபடவில்லை.

எனக்கு அப்பா என்றால் இந்த முகம்தான். இந்த முகம் உயிரோடு பக்கத்துக் காட்டில் பதினான்கு வருடம் நடந்தது. அது எதிரில் வந்தால் நான் வரப்பு மாறிப் போனேன்.

படத்துக்குக் கீழே அப்பா பெயரும் தேதியும் பெயிண்டில் எழுதியிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டு நானே எழுதினேன். 'வையாபுரி. மறைவு 19-2-1988.' தேதியை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

போன இரண்டு தடவையும் தண்ணிப்பந்தலில் பஸ் நின்றது. எழுந்திருக்கப் பார்த்தேன். காலில் வலி ஒன்றும் இல்லை. இங்கே இதைக் கொடுத்துவிட்டால் வீட்டுக்குப் போய் யாரிடம் சொல்வது, கொடுத்துவிட்டு வந்தேன் என்று? அந்த ஒரு நினைப்புத்தான். விசில் அடித்துவிட்டார்கள்.

இந்தத் தடவை அக்காவை விட்டுப் போன் பண்ணச் சொல்லிவிட்டேன், நான் வருகிறேன் என்று. எதற்கு என்று சொல்ல வேண்டாம் என்றேன். ஸ்டாப்பிங்கில் வந்து நிற்பாள். சித்தப்பா போன இந்த முப்பத்தாறு வருடத்தில் நான் அவள் வீட்டுக்குப் போனது இல்லை.

அதோ, அந்த மளிகைக் கடைக்கு முன்னால் நிற்கிறாளே, ஊதாச் சேலை. தலை நரைத்துவிட்டது. கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாகப் பார்க்கிறாள்.

தம்பி, ஒரு உதவி. நான் முதலில் இறங்கிவிடுகிறேன். நீங்கள் இதை ஜன்னல் வழியாக நீட்டுங்கள், அவள் கையில் கொடுங்கள், என்னிடம் வேண்டாம். துண்டை எடுத்துவிடுங்கள். முகம் அவள் பக்கம் இருக்கட்டும்.